விருந்துக்குப் பிந்தைய 55 ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் நன்றி நவிலும் நாள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை 1621-ஆம் ஆண்டு அறுவடை விருந்தோடு நின்றுவிட்டது. பிறகு பூர்வகுடிகளுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு ஒரே ஒரு வரி: நோயாலும் போராலும் அழிந்தனர். எங்கும் காணக் கிடைக்கும் வரிதான். நோய் வந்தது, போரும் நடந்தது. ஆனால் இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நிலம் எப்படிக் கைமாறியது என்று சொல்லாமல் விட்டால், 1675-இல் பூர்வகுடிகளுக்கும் ஆங்கிலக் குடியேறிகளுக்கும் இடையே போர் ஏன் மூண்டது என்பதே விளங்காது. மாடு, பன்றி, வேலி, சிப்பி மணி, அபராதம், அடமானம், கிரயப் பத்திரம் ஆகியவைதான் அந்த வேலையைச் செய்தன. இந்தக் கடிதம் அவற்றைப் பற்றியது. சற்று நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

முதலில், ஆங்கிலக் குடியேறிகள் வந்து இறங்கியது ‘ஆளில்லாத நிலம்’ என்ற பேச்சு. 102 பயணிகளோடு மேஃப்ளவர் கப்பல் கேப் காட் முனையைத் தொட்டது 1620 நவம்பரில். அதற்கு வெகு காலம் முன்பே ஐரோப்பிய மீன்பிடிக் கப்பல்களும் தோல் வாங்கும் கப்பல்களும் அந்தப் பக்கம் வந்து போய்க்கொண்டிருந்தன. 1614-இல் தாமஸ் ஹன்ட் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவன் பாடுக்செட் என்னும் ஊரில் 20 பேரையும் நாசெட்டில் 7 பேரையும் ஏமாற்றிக் கப்பலில் ஏற்றி, ஸ்பெயினின் மலாகா துறைமுகத்துக்கு அடிமைகளாக விற்கக் கொண்டுபோனான். அவர்களில் ஒருவர் டிஸ்குவாண்டம். பள்ளிக் கதைகளில் வரும் ‘ஸ்குவாண்டோ’ இவர்தான். குடியேறிகளைக் கண்டதும் அவர் ஆங்கிலத்தில் பேசினார் என்று வியப்போடு எழுதுவார்கள். எப்படிக் கற்றார் என்பதை எழுதுவோர் குறைவு. மலாகாவிலிருந்து தப்பி லண்டன் சேர்ந்து, நியூஃபவுண்ட்லாந்து வழியாக 1619-இல் அவர் ஊர் திரும்பியபோது ஊரில் ஒருவரும் இல்லை. 1616 முதல் 1619 வரை அந்தக் கடற்கரையில் பரவிய கொள்ளைநோய் சில ஊர்களில் பத்தில் ஒன்பது பேரைக் கொண்டுபோயிருந்தது. கடுமையான தலைவலி, மூக்கிலிருந்து ரத்தம், மஞ்சள் பூத்த தோல் என்று அறிகுறிகள் பதிவாகியுள்ளன. மேஃப்ளவர் பயணிகளின் பிளிமத் குடியேற்றம் எழுந்தது இந்தப் பாடுக்செட்டின் மேல்தான். மரம் வெட்டி, கல் பொறுக்கி, மக்காச்சோளம் விளைவித்த நிலம் அவர்களுக்குத் தயாராகக் கிடைத்தது. விதைச் சோளமும் அப்படித்தான்: கேப் காடில் இறங்கித் தேடியவர்கள் பூர்வகுடிகள் புதைத்து வைத்திருந்த குழியைத் தோண்டி எடுத்தது அது.

1621 மார்ச்சில் வாம்பனோக் மக்களின் தலைவர் ஊசாமிக்வின் (மாசசோயிட் என்பது அவருடைய பதவிப் பெயர்) பிளிமத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டதை வெறும் தாராள மனமாகக் காட்டுவதும் அவரைக் குறைத்து மதிப்பிடுவதே. நாரகன்செட் விரிகுடாவுக்கு மேற்கே இருந்த நாரகன்செட் மக்களை அந்தக் கொள்ளைநோய் தொடவில்லை. ஆள்பலம் இழந்த வாம்பனோக்குகள் அவர்களுக்குக் கப்பம் கட்ட வேண்டிய நிலை. துப்பாக்கி வைத்திருந்த ஒரு சிறு கூட்டத்தை அருகில் வைத்துக்கொள்வது அவருக்கு அரசியல் கணக்கு. குளிர்காலத்தில் பாதிப் பேரைப் பறிகொடுத்திருந்த ஆங்கிலேயருக்கோ அது உயிர்ப்பிச்சை. அந்த இலையுதிர்காலத்தில் அவர் சுமார் 90 ஆடவரோடு வந்து, 5 மான்களை வேட்டையாடிக் கொடுத்து, மூன்று நாள் தங்கியதைத்தான் இன்று படமாக வரைந்து தொங்கவிடுகிறோம்.

இனி நிலத்துக்கு வருவோம். வாம்பனோக் பெண்கள்தாம் உழவர்கள். மண்ணைச் சிறு மேடுகளாகக் குவித்து, ஒவ்வொரு மேட்டிலும் நாலைந்து மக்காச்சோள விதை ஊன்றுவார்கள். தட்டை எழுந்ததும் அதைப் பற்றிக்கொண்டு அவரைக்கொடி ஏறும். கீழே பூசணி படர்ந்து களையை அடக்கும். விளைச்சலை உலர்த்தி, பாய் விரித்த குழிகளில் இட்டு மண்ணால் மூடுவார்கள். மண் சோர்ந்ததும் அந்த நிலத்தைக் காட்டுக்கு விட்டுவிட்டு வேறிடம் போவார்கள். வசந்தத்தில் மீன் ஏறும் ஆற்றங்கரை, கோடையில் கடலோர வயல், குளிர் வந்ததும் உள்நாட்டு வேட்டைக்காடு என்று குடும்பங்கள் பருவத்தோடு நகரும். காட்டின் அடிப்புதரை ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ தீயிட்டு எரிப்பார்கள். புல் துளிர்க்கும், மான் வரும், நடக்க வழியும் கிடைக்கும். பூங்கா போன்ற காடு என்று ஆங்கிலேயர் வியந்து எழுதியது இயற்கை தந்ததல்ல, இந்தத் தீயின் வேலை.

மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் ஆளுநர் ஆகவிருந்த ஜான் வின்த்ராப் 1629-இல் வைத்த வாதம் இந்த முறையைக் குறிவைத்தது. வேலி இல்லை, நிலையான வீடு இல்லை, நிலத்தை மேம்படுத்த வளர்ப்பு விலங்கு இல்லை. ஆகவே இது இயற்கை உரிமை மட்டுமே, அவர்களுக்குப் போதுமானதை விட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளலாம் என்பது அது. மூன்று நிபந்தனைகளும் இங்கிலாந்தின் கிராமத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. உழுத வயலும் எரித்துப் பேணிய காடும் கணக்கில் வரவில்லை.

பிளிமத்துக்கு முதல் மாடுகள் வந்தது 1624-இல்: மூன்று கிடாரிகள், ஒரு காளை. அடுத்த பத்தாண்டில் மாசசூசெட்ஸ் பக்கம் ஏறத்தாழ 20,000 ஆங்கிலேயர் வந்து இறங்கியபோது கால்நடைகளும் கப்பல் கப்பலாக வந்தன. நம் ஊரில் மாடு பயிரை மேய்ந்தால் மாட்டுக்காரர் பதில் சொல்ல வேண்டும். அங்கே வழக்கத்தைத் தலைகீழாக்கிக்கொண்டார்கள். கால்நடை காட்டில் திரியும். பயிர் வைத்தவர் வேலி போட்டுக் காத்துக்கொள்ள வேண்டும். மேய்ப்பதற்குக் கூலியாள் இல்லாத புது நாட்டில் குடியேறிகளுக்கு அது மலிவான ஏற்பாடு.

பன்றிதான் மாட்டைவிட மோசம். தீனி போட வேண்டியதில்லை. காட்டில் விட்டால் ஓக் மரக் கொட்டையைத் தின்று தானே பெருகும். மான் தின்னும் அதே கொட்டை. மூக்கால் கிளறிச் சோளக் குழியைத் திறந்துவிடும். கடல் வற்றும் நேரம் பார்த்து இறங்கி மட்டி தோண்டித் தின்னும். மட்டிதான் குளிர்காலக் கடைசியில், சேமிப்பு தீர்ந்தபோது, பெண்கள் நம்பியிருந்த உணவு. ரோட் ஐலண்டை நிறுவிய ரோஜர் வில்லியம்ஸ் இதை நேரில் கண்டு பதிவு செய்திருக்கிறார். நாரகன்செட் தலைவர் மியான்டனோமி 1642-இல் லாங் ஐலண்ட் மக்களிடம் ஒற்றுமை கேட்டுப் பேசியதாகப் பதிவான உரையிலும் இதே புகார்தான்: நம் முன்னோர் காலத்தில் மானும் தோலும் நிறைந்திருந்தன, ஆங்கிலேயர் நிலத்தைப் பிடித்து அரிவாளால் புல்லையும் கோடரியால் மரத்தையும் வெட்டுகிறார்கள், அவர்கள் மாடும் குதிரையும் புல்லைத் தின்கின்றன, பன்றிகள் மட்டிக் கரையைப் பாழாக்குகின்றன, நாம் பட்டினியால் சாவோம். அடுத்த ஆண்டே, ஆங்கிலக் குடியேற்றங்களின் கூட்டமைப்பு தந்த ஒப்புதலோடு மொகீகன் தலைவர் அன்காஸின் ஆட்கள் அவரைக் கொன்றனர்.

சட்டம் பூர்வகுடிகளை முழுக்கக் கைவிட்டது என்று சொல்லிவிட முடியாது. ஆங்கிலேயர் மாடு அவர்கள் சோளத்தை அழித்தால் நட்டஈடு உண்டு என்று மாசசூசெட்ஸ் 1640-லேயே விதித்தது. ஆனால் வேலியடைக்க உதவி கொடுத்தும் அடைக்காதவருக்கு நட்டஈடு இல்லை என்ற நிபந்தனை பின்னால் ஒட்டிக்கொண்டது. சில ஆண்டுகளில் விட்டுவிட்டுப் போகும் நிலத்துக்கு யார் மரம் பிளந்து வேலி போடுவார்? போட்டாலும் பன்றி அடியில் தோண்டி நுழையும். நட்டஈடு வாங்க வேண்டுமானால் எந்தப் பன்றி, யாருடையது என்று காட்ட வேண்டும். காதில் வெட்டிய குறி ஒவ்வொரு ஊரின் பதிவேட்டில் இருக்கும். கோபத்தில் அந்தப் பன்றியைக் கொன்றுவிட்டாலோ, குற்றவாளி பயிரிட்டவர்தான். பிடித்து, நம் பக்கம் ‘பவுண்டு’ என்கிறோமே, அந்தப் பட்டியில் கொண்டுபோய் அடைக்கலாம். காட்டிலேயே வளர்ந்த எருதைக் கயிறு கட்டி ஓட்டிப் பார்த்தவருக்குத்தான் அது எவ்வளவு சுலபம் என்று தெரியும்.

சரி, வாம்பனோக்குகளும் பன்றி வளர்த்தால்? வளர்த்தார்கள். ஊசாமிக்வினின் மகன் மெட்டாகம் தன் பன்றிகளை ஹாக் தீவில் விட்டிருந்தார். 1669-இல் போர்ட்ஸ்மத் ஊரார் அவற்றை அப்புறப்படுத்தும்படி கேட்டார்கள். பூர்வகுடிகள் தம் பன்றிக்குக் காதுக் குறி இடக்கூடாது என்றும் சில குடியேற்றங்கள் விதி போட்டன. குறியில்லாத பன்றியைச் சந்தைக்குக் கொண்டுவந்தால் அது திருட்டுப் பன்றி என்று சந்தேகிக்கலாம். ‘வளர்ப்பு விலங்கு இல்லை’ என்று 1629-இல் குறை சொன்ன வாதம் நாற்பது ஆண்டில் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

அடுத்தது பணம். வாம்பம் என்பது சிப்பியில் செய்த சிறு குழல் மணி. வெள்ளை மணி கடல் நத்தை ஓட்டிலிருந்து. ஊதா மணி குவாஹாக் மட்டியின் ஓட்டில் சிறு பகுதியில் மட்டும் கிடைக்கும் நிறத்திலிருந்து. அதனால் ஊதாவுக்கு வெள்ளையைவிட இரட்டிப்பு மதிப்பு. ஓட்டை உடைத்து, கல்லில் தேய்த்து, இரண்டு முனையிலிருந்தும் துளையிட்டு நடுவில் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் சூடேறி வெடித்துவிடும். ஐரோப்பிய இரும்பு ஊசி வந்த பிறகும் இது பொறுமையான கைவேலையாகவே இருந்தது. பூர்வகுடிகளிடையே இது துக்கம் விசாரிக்கவும், உடன்படிக்கையை உறுதிசெய்யவும், கப்பம் செலுத்தவும் பயன்பட்டது. முதலில் டச்சுக்காரரும், 1627-இல் அவர்கள் சொல்லக் கேட்டு பிளிமத்தாரும், இதைக் கொண்டு உள்நாட்டில் பீவர் என்ற நீர்விலங்கின் தோல் வாங்கலாம் என்று கண்டுகொண்டனர். தோல் லண்டனுக்குத் தொப்பி செய்யப் போயிற்று. வெள்ளிக் காசு அரிதாக இருந்த மாசசூசெட்ஸ் 1637-இல் வாம்பத்தைச் சில்லறைக் காசாகவே ஏற்றது. ஆறு வெள்ளை மணிக்கு ஒரு பென்னி என்ற விகிதத்தில் 360 மணிகள் கோத்த ஒரு பாகம் (இரு கை விரித்த நீளமுள்ள சரம்) 5 ஷில்லிங். கடற்கரைக் குலங்கள் வேட்டையைக் குறைத்து மணி செய்வதில் இறங்கின. துணி, கொப்பரை, இரும்பு, வெடிமருந்து எல்லாம் அதில்தான் வந்தன. பிறகு கரையோரத்தில் பீவர் அற்றுப்போயிற்று. மேற்கிந்தியத் தீவுகளோடு நடந்த வியாபாரத்தில் வெள்ளி வரத் தொடங்கியது. 1661-இல் மாசசூசெட்ஸ் வாம்பத்தின் சட்டப்பூர்வச் செலாவணியை ரத்து செய்தது. கையிருப்பின் மதிப்பு ஒரு சட்டத்தில் கரைந்துபோவது எப்படி இருக்கும் என்று நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரும்புக்கும் துணிக்கும் பழகிய மக்களிடம் அதன் பிறகு விற்க மிஞ்சியது நிலம் ஒன்றுதான்.

அந்த விற்பனையும் பெரும்பாலும் கடனும் அபராதமும் வழியாகவே வந்தது. 1660-இல் குடியேற்றங்களின் கூட்டமைப்பு நாரகன்செட்டுகளுக்கு ஏறத்தாழ 600 பாகம் வாம்பம் அபராதம் விதித்தது. 360-க்கு ஒரு பாகம் என்று வைத்தால் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மணிகள். ஹம்ஃப்ரி ஆதர்ட்டன் தலைமையிலான நிலவணிகக் குழு ஒன்று முன்வந்து அபராதத்தைத் தானே கட்டி, பதிலுக்கு நாரகன்செட் நிலத்தை அடமானமாக எழுதி வாங்கியது. தவணை ஆறு மாதம். அடமானம் மூழ்கியது. 1665-இல் அரசரின் ஆணையர்கள் வந்து அது செல்லாது என்றார்கள். உரிமைத் தகராறு அதோடு தீர்ந்தபாடில்லை.

நேரடிக் கிரயம் எப்படி இருந்தது என்பதற்கு நியூ ஹேவன் பத்திரம் நல்ல சான்று. 1638 நவம்பர் 24-ஆம் தேதி குவினிப்பியாக் தலைவர் மொமாகுவின் எழுதிக் கொடுத்தது. பெற்றுக்கொண்டது: 12 மேலங்கி, 12 கரண்டி, 12 கைக்கோடரி, 12 மண்வெட்டி, 24 கத்தி, 12 கிண்ணம், கத்தியும் கத்தரிக்கோலும் அடங்கிய 4 பெட்டி. அவர்களுக்கு விடப்பட்டது துறைமுகத்தின் கிழக்கே சுமார் 1,200 ஏக்கர். வேட்டைக்கும் மீன்பிடிக்கும் உரிமை உண்டு. வேறு பூர்வகுடிகளை அனுமதியில்லாமல் சேர்த்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் முதல் ‘ஒதுக்கிட’ ஏற்பாடு என்று இதைப் பலர் குறிப்பிடுகிறார்கள். அடுத்த மாதமே இன்னொரு தலைவரிடமிருந்து 10 மைலுக்கு 13 மைல் அளவுள்ள நிலம் ஒரு டஜன் மேலங்கிக்கு வாங்கப்பட்டது. கரண்டிக்கு நாட்டை விற்ற அப்பாவிகள் என்று சிரித்துவிட்டுப் போவது எளிது. பத்திரத்திலேயே விடை இருக்கிறது: மிஞ்சியிருந்த ஆடவர் 47 பேர், பீக்வாட், மோஹாக் மக்களுக்கு அஞ்சிப் பாதுகாப்பு தேடுகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். 1633-34 பெரியம்மை கனெக்டிகட் ஆற்றோரத்தை வழித்துப் போயிருந்தது. அரண் கட்டிய ஓர் ஊரில் ஆயிரம் பேரில் 950 பேர் மாண்டதாகப் பிளிமத் ஆளுநர் பிராட்ஃபோர்டு எழுதுகிறார். விறகு கொண்டுவர ஆளில்லாமல் மரத் தட்டுகளையும் வில் அம்புகளையும் எரித்தார்கள்; தண்ணீருக்குத் தவழ்ந்துபோய் வழியில் செத்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டதால், பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்களும் போனார்கள். 1637 மே 26 அன்று மிஸ்டிக் ஆற்றருகே பீக்வாட் கோட்டை ஊரை ஆங்கிலேயரும் அவர்களுடைய பூர்வகுடிக் கூட்டாளிகளும் வளைத்துத் தீ வைத்ததில் நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமே மிகுதி. குவினிப்பியாக்குகள் கையொப்பக் குறி இட்டது இதெல்லாம் முடிந்த ஓராண்டுக்குப் பிறகு.

நோயை மட்டும் காரணமாகச் சொன்னால் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதால்தான் அந்த விளக்கம் இவ்வளவு பிரபலம் என்பது என் கருத்து. நோய் பேரம் பேசும் பலத்தைப் பறித்தது. பேரத்தை எழுதியவர்கள் மனிதர்கள்.

ஊசாமிக்வின் 1661 வாக்கில் இறக்கும்வரை பிளிமத்தோடு சண்டையில்லை. மூத்த மகன் வாம்சுட்டா பிளிமத்தைத் தவிர்த்து மற்றவர்களுக்கு நிலம் விற்கிறார் என்று 1662-இல் ஆயுதத்தோடு போய் அவரை விசாரணைக்கு அழைத்து வந்தார்கள். நோயுற்றுத் திரும்பும் வழியில் இறந்தார். நஞ்சு வைத்தார்கள் என்றே அவருடைய மக்கள் நம்பினர். பின்னர் வந்த தம்பி மெட்டாகமிடம் 1671-இல் டான்டன் ஊரில் துப்பாக்கிகளை ஒப்படைக்கும் உடன்படிக்கை வாங்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் 100 பவுண்டு அபராதம், மூன்று ஆண்டில் கட்ட வேண்டும். கட்டுவதற்கு நிலம்தான் இருந்தது.

1675 ஜூனில் தொடங்கிய போரின் விவரம் பல நூல்களில் கிடைக்கும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். கிறித்தவம் தழுவி, ஆங்கிலேயர் முறையில் வேலியடைத்து வாழ்ந்த ‘ஜெப ஊர்கள்’ 14 இருந்தன, நேடிக் முதலாவது. சொன்னபடியெல்லாம் கேட்டவர்கள் அவர்கள். அந்த அக்டோபரில் நேடிக் மக்களையும் மற்றவர்களையும் பாஸ்டன் துறைமுகத்திலுள்ள டீர் தீவுக்குக் கொண்டுபோய்ப் போதிய உணவோ விறகோ இல்லாமல் குளிர்காலம் முழுதும் அடைத்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர். 1676 ஆகஸ்ட் 12-இல் மெட்டாகம் கொல்லப்பட்டார். அவர் தலை பிளிமத்தில் கழுமரத்தில் இருபது ஆண்டுக்கு மேல் நின்றது. மனைவியும் ஒன்பது வயது மகனும் சிறைப்பட்டனர். நூற்றுக்கணக்கானோர் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அடிமைகளாக விற்கப்பட்டனர். இப்படி விற்பதைக் கண்டித்து மனுக் கொடுத்தவர்களில் ஒருவர், அந்த மக்களின் மொழியில் விவிலியத்தை 1663-இல் அச்சிட்ட பாதிரியார் ஜான் எலியட்.

நம் பக்கத்துக்கு ஓர் இழை இங்கே ஓடி வருகிறது. மெட்டாகமின் மண்டையோட்டின் தாடையைத் தன் கையால் கழற்றியதாகச் சொல்லிக்கொண்ட பாஸ்டன் பாதிரியார் காட்டன் மேத்தர்தான் 1717-இல் தரங்கம்பாடிக்கு, தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய சீகன்பால்குவுக்கு, கடிதம் எழுதியவர். சீகன்பால்கு 1719-இல் மறைந்துவிட, பதில் எழுதியவர் அவருடைய தோழர் க்ருண்ட்லர். சென்னைக் கோட்டையின் முன்னாள் ஆளுநர் எலிஹு யேலுக்குக் கல்லூரிக்கு நன்கொடை கேட்டு 1718-இல் எழுதியதும் இதே மேத்தர். அந்தப் பணம் போய்ச் சேர்ந்த யேல் கல்லூரி நிற்பது நியூ ஹேவனில், மேலே சொன்ன 12 கரண்டிப் பத்திரத்து நிலத்தில்.

கடைசியாக ஒரு திருத்தம். வாம்பனோக் மக்கள் அழிந்துவிடவில்லை. அக்வின்னா குலத்தை 1987-லும் மாஷ்பீ குலத்தை 2007-லும் அமெரிக்க அரசு அங்கீகரித்தது. நன்றி நவிலும் நாளை 1970 முதல் பிளிமத்தில் பூர்வகுடிகள் தேசியத் துக்க நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். எலியட்டின் விவிலியத்தையும் பழைய பத்திரங்களையும் ஆதாரமாக வைத்து, பேசுவோர் இன்றிப் போயிருந்த தங்கள் மொழியை 1993 முதல் மீட்டுக் குழந்தைகளுக்குக் கற்பிக்கிறார்கள். மாஷ்பீ குலத்துக்காக அரசு பொறுப்பில் வைத்திருக்கும் நிலம் 321 ஏக்கர். ஒரு துண்டு மாஷ்பீயில், மற்றொன்று டான்டனில். 2020 மார்ச்சில் அதையும் திரும்ப எடுத்துக்கொள்ள உத்தரவு வந்தது. நீதிமன்றத்தில் வழக்காடி, 2021 டிசம்பரில்தான் அந்த நிலம் அவர்களுக்கு உறுதியானது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்